குறைந்தது ஏழு குறைகள்

என் கட்டுரைக்கு எழுபத்தொரு மதிப்பெண் வந்ததுதான் வினையாகப் போயிற்று. முப்பத்தொன்பது வந்திருந்தால் நிம்மதியாகத் தோற்றுப்போய், தோற்றவனுக்கு உரிய மரியாதையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

நான் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறேன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. பொத்தான் லிஃப்ட் இல்லை. கிராதிக் கதவை இழுத்து மூடிப் பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் ஏறும், விட்டால் நிற்கும். மாடித் தரையும் லிஃப்ட் தரையும் ஒரே மட்டத்தில் வரும்படி நிறுத்த ஒரு கை வேண்டும். அந்தக் கை எனக்கு உண்டு. ஏறுகிறவர்கள் "நாலு", "ஆறு" என்று எண்ணை மட்டும் சொல்வார்கள். ஆள் ஏறாத நேரத்தில் முக்காலியில் உட்கார்ந்து படிப்பேன். அந்தப் பழக்கம் முற்றிப்போய் மாலைக் கல்லூரியில் இலக்கியப் பட்டப்படிப்பில் சேர்ந்து, ஐந்து வருஷத்தில் எல்லாத் தாளையும் முடித்துவிட்டேன். பாக்கி ஒன்றே ஒன்று: இலக்கியத் திறனாய்வு.

அந்த நேரம் பார்த்துக் கட்டட நிர்வாகம் கடிதம் கொடுத்தது. மூன்று மாதத்தில் பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் பொத்தான் லிஃப்ட் வைக்கப்போகிறார்கள். அதை ஓட்ட ஆள் தேவையில்லை. பட்டம் பெற்றவனாக இருந்தால் நிர்வாக அலுவலகத்தில் எழுத்தர் வேலை தருவார்கள். சான்றிதழை அந்த மூன்றாவது மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் காட்ட வேண்டும். மானேஜர் நல்ல மனிதர். "ஒரு பேப்பர்தான பாக்கி? முடிச்சிட்டு வாங்க, நாற்காலி ரெடியா இருக்கு" என்றார். அந்த நாற்காலியைக் காட்டவும் செய்தார். முதுகு சாய்கிற நாற்காலி. பத்தொன்பது வருஷம் முக்காலியில் உட்கார்ந்தவனுக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தேர்வுக்கு ஒரு சிறுகதையைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் காவலாளி பற்றிய கதை. முதலாளி ஓடிவிட்டார், தொழிலாளிகள் கலைந்துவிட்டார்கள். அவன் மட்டும் தினமும் எட்டு மணிக்கு கேட்டைத் திறந்து ஐந்து மணிக்கு மூடுகிறான். வகுப்பில் இதை விசுவாசத்தின் உருவகம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இவன் விசுவாசத்தால் கதவைத் திறக்கவில்லை. எட்டு மணிக்குத் தன் கையை வேறு எங்கே வைப்பது என்று இவனுக்குத் தெரியவில்லை' என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வலது கை படுகிற பாடு எனக்குத் தெரியும். தேர்வாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சரி போட்டு, கடைசியில் எழுபத்தொன்று போட்டிருந்தார்.

சான்றிதழ் வாங்கப் போன சனிக்கிழமை கல்லூரிக் கவுன்டரில் இருந்த அம்மா கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ரிசல்ட்ட நிறுத்தி வச்சிருக்காங்க."

"ஏம்மா? எழுபத்தொண்ணு வாங்கியிருக்கேனே."

"அதெல்லாம் கட்டுரைக்கு. தன்குறை அறிக்கை எங்க? இந்த வருஷத்துலேர்ந்து புது விதி. உங்க கட்டுரைல என்னென்ன குறை இருக்குன்னு நீங்களே எழுதித் தரணும். குறைஞ்சது ஏழு. ஒரு குறைக்குப் பத்து, மொத்தம் எழுபது மார்க். ரெண்டுலயும் தனித்தனியா பாஸாகணும்."

"குறைய எக்ஸாமினர்தான சொல்லணும்?"

"அவர் எதுக்கு சொல்றாரு? அவர் எழுதலையே" என்றார் அந்த அம்மா. யோசித்துப் பார்த்தால் பதில் சொல்ல முடியாத நியாயம்.

மாடியில் தன்குறை உணர்வு மையம் என்று பலகை மாட்டியிருந்தது. சனிக்கிழமை பத்து முதல் ஒன்றுவரை திறந்திருக்கும். குறையை வீட்டில் உட்கார்ந்து எழுதக் கூடாது. அங்கே உள்ள உணர்வறையில் கட்டுரையோடு நாற்பத்தைந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து உணர வேண்டும். பிறகு 'உணர்ந்தேன்' என்று பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அறையில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு கடிகாரம். ஸ்டூலின் ஒரு கால் குட்டை. உணர ஆரம்பிக்கும்போதெல்லாம் அது ஒரு பக்கம் சாய்ந்து என்னை எழுப்பிவிட்டது. கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அதன்மேல் பிரியம்தான் வந்தது, குறை வரவில்லை. நாலு பக்கத்தில் இவ்வளவு யோசித்திருக்கிறோமே என்று ஒரு சின்ன கர்வம் வேறு.

பன்னிரண்டே முக்காலுக்குக் காவலுக்கு இருந்த ஊழியர் கதவைத் தட்டினார். "உணர்ந்தாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"ஒரு மணிக்குள்ள உணர்ந்துடுங்க சார். பூட்டணும்."

அவசர அவசரமாக ஏழு குறைகளை உணர்ந்தேன். இரண்டு ஒற்றுப்பிழை, ஓர் அடித்தல் திருத்தல், மூன்றாம் பக்கத்தில் ஒரு மைக்கறை, கையெழுத்து சாய்ந்திருப்பது, ஓரம் விடாதது, கடைசி வரியில் முற்றுப்புள்ளி இல்லாதது. அடுத்த வாரம் கட்டுரையோடு சேர்த்து அறிக்கை திரும்பி வந்தது. 'இவை வெளிக்குறைகள். மாணவர் இன்னும் உள்ளே போகவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மருந்து கம்பெனியில் பரிசோதனை மேசையில் வேலை பார்க்கிறாள். ஓடுகிற பட்டையில் மாத்திரை அட்டைகள் வந்துகொண்டே இருக்கும். எந்த அட்டையில் ஒரு குழி காலியாக இருக்கிறதோ அதைப் பொறுக்கிப் போட வேண்டும். ஒரு நாளைக்குப் பல ஆயிரம் அட்டையில் குறை பார்க்கிறவள்.

"ஏழுதானா? நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்று ஆரம்பித்தாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவது, அவள் தம்பி வந்தால் முகம் கொடுத்துப் பேசாதது, கேட்ட கேள்விக்கு இரண்டாவது தடவைதான் பதில் சொல்வது. மூச்சு விடாமல் பதினொன்று சொன்னாள்.

"அடியே, என் குறை இல்ல. கட்டுரையோட குறை."

"அப்ப அந்தக் கதையையும் கட்டுரையையும் படிங்க, கேக்கறேன்."

படித்தேன். எனக்கு எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் நறுக்குவதை நிறுத்தினாள். பிறகு, "ஏங்க, மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு கொண்டாந்து குடுத்துட்டுப் போறாளே அவன் பொண்டாட்டி, அவளப் பத்தி ஒண்ணுமே எழுதலையே நீங்க?" என்றாள்.

"கதையிலயே அவளுக்கு ரெண்டு வரிதான்."

"ரெண்டு வரின்னா? வேல இல்லாத எடத்துக்கு தினம் சோறு தூக்கிட்டு வர்றா. போதும் வீட்டுக்கு வாய்யான்னு ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லல? அவளுக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரண்டு வரியை நான் பலமுறை படித்திருந்தேன், ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவன் கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவன், அந்தக் கையில் சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தவளைத் தாண்டிப் போயிருக்கிறேன். இதுவல்லவா குறை! அந்தச் சனிக்கிழமை உணர்வறையில் ஸ்டூல் ஆடியதே தெரியவில்லை. ஒரே குறையை மூன்று பக்கம் எழுதினேன். எழுத எழுதக் கதை எனக்கு இன்னும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. படிப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை மைய இயக்குநரே கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் புத்தகம் எதுவும் இல்லை. சுவர் முழுக்கக் கோப்புகள். பேசுவதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவார், பேசி முடித்ததும் இன்னொன்று.

"நீங்க எழுதினது குறையே இல்லீங்க" என்றார்.

"சார், அந்தப் பொம்பளைய நான் கவனிக்கவே இல்ல சார். பெரிய தப்பு."

"கட்டுரைல அவங்களப் பத்தி எழுதியிருக்கீங்களா?"

"இல்ல சார். அதுதான் குறை."

"எழுதாததுல எப்படிங்க குறை இருக்க முடியும்? குறை இருக்கணும்னா ஒரு எடம் வேணும். பக்கம் வேணும், வரி எண் வேணும். எழுதாம விட்டத எல்லாம் குறைன்னு எடுத்துக்கிட்டா அது எங்க போய் முடியும்? நானெல்லாம் எவ்வளவு எழுதாம விட்டிருக்கேன் தெரியுமா?" பெருமூச்சு விட்டார். "தவிர, இது கையேட்டுல இல்ல."

கையேடு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. முப்பத்திரண்டு வகைக் குறைகளை அச்சடித்து வைத்திருந்தார்கள். நான்காம் வகை, கதைச் சுருக்கத்தைத் திறனாய்வு என்று நினைத்தல். ஒன்பதாம் வகை, மேற்கோளைப் போட்டுவிட்டு விளக்காமல் ஓடுதல். பதினைந்தாம் வகை, 'இக்கதை எக்காலத்துக்கும் பொருந்தும்' என்று முடித்தல். இருபத்தொன்றாம் வகை, ஆதாரமில்லாமல் அடித்துச் சொல்லுதல். பார்க்கப் பார்க்க மலைப்பாக இருந்தது. இத்தனை விதமாகத் தப்புச் செய்ய முடியும் என்று கல்லூரி ஐந்து வருஷத்தில் ஒரு வகுப்பில்கூடச் சொல்லித் தரவில்லை.

தேதி ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றுக்கு ஐந்து வாரமே இருந்தது. ஏழு வகைகளைப் பொறுக்கி, அழகான கையெழுத்தில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் 'இதை உணர்ந்து வருந்துகிறேன்' என்று சேர்த்துக் கொடுத்தேன். பத்து நாளில் சரிபார்ப்புக் குழுவின் பதில் வந்தது. 'மாணவர் ஒப்புக்கொண்ட ஏழு குறைகளில் ஆறு கட்டுரையில் காணப்படவில்லை. இரண்டாம் பக்கத்தில் கதைச் சுருக்கம் இல்லை. மேற்கோள்கள் விளக்கப்பட்டுள்ளன. இல்லாத குறையை ஒப்புக்கொள்வது நேர்மையற்ற செயல்.'

கவுன்டர் அம்மாவிடம் ஓடினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அந்தக் கட்டடத்திலேயே என்மேல் உண்மையான இரக்கம் இருந்தது அவருக்குத்தான்.

"இதுக்கு எல்லாரும் ஒரு வழி வச்சிருக்காங்க சார். குழு பாத்து முடிச்ச அறிக்கைய மாத்தினா மறுபரிசீலனைக்குப் போகணும், அதுக்கு ரெண்டு மாசமாகும். கட்டுரைய மாத்தினா மூணே நாள்."

"கட்டுரைய என்னன்னு மாத்தறது?"

"அறிக்கைல சொன்ன குறையெல்லாம் இருக்கற மாதிரி மாத்துங்க. திருத்தப் படிவம் ஆறுன்னு ஒண்ணு இருக்கு. புதுப் பக்கம் குடுத்தா பழைய பக்கத்தக் கிழிச்சிடுவாங்க, அவ்வளவுதான்."

லிஃப்டில் உட்கார்ந்து என் கட்டுரையைக் கெடுத்தேன். மூன்றாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் இடையில் கதைச் சுருக்கத்தைப் புகுத்தினேன். சம்பந்தமில்லாத இடத்தில் மேற்கோளை வைத்துவிட்டு ஓடினேன். எக்காலத்துக்கும் பொருந்தும் என்று முடித்தேன். கெடுப்பது எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை. நல்ல வரி ஒன்று உள்ளே இருந்தால் சுற்றியுள்ள குறைகளெல்லாம் அதைப் பார்த்துக் கூசி நிற்கின்றன. அதனால் கையைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு, 'காவலாளி விசுவாசத்தின் உருவகம் ஆவான்' என்று போட்டேன். நாலாம் மாடிப் பல் டாக்டர் ஏறி, "என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னிடம் எண் அல்லாமல் பேசிய முதல் வார்த்தை அது. "ஒண்ணுமில்ல டாக்டர், எழுதிட்டிருக்கேன்" என்றேன்.

மூன்றே நாளில் முடிவு வந்தது. தன்குறை அறிக்கைக்கு எழுபதுக்கு அறுபத்தெட்டு, மையத்தின் வரலாற்றிலேயே அதிகம். ஏழு குறைகளும் சொன்ன பக்கத்தில், சொன்ன வரியில், சொன்ன அளவில் இருந்தனவாம். கட்டுரை மாறிவிட்டதால் அதை மறுபடி திருத்தியிருந்தார்கள். அதற்கு நூற்றுக்கு முப்பத்துநான்கு. தோல்வி.

அன்று வீட்டில் மனைவி முடிவுத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "எங்க கம்பெனில குறை இருந்தா தூக்கிப் போடுவாங்க. உங்க காலேஜ்ல குறை இல்லன்னா தூக்கிப் போடுவாங்களா?" என்று கேட்டாள். "இப்ப குறை இருக்குன்னுதான் தூக்கிப் போட்டிருக்காங்க" என்றேன். அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மையத்தின் ஆண்டு விழா. என்னைக் கட்டாயம் வரச் சொன்னார்கள். என் அறிக்கையைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டியிருந்தார்கள். என்னை மேடையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, முன்மாதிரி மாணவர் என்றார்கள். இயக்குநர் பேசினார்.

"இந்த மனிதரைப் பாருங்கள். எழுபத்தொரு மதிப்பெண் என்கிற ஆணவத்தோடு இங்கே வந்தார். இன்று முப்பத்துநான்கு. இதைவிட ஒரு பயணம் உண்டா? என்னைக் கேட்பார்கள், ஐயா, நீங்கள் ஏன் எதுவும் எழுதுவதில்லை என்று. நான் இருபத்தாறு ஆண்டுகளாக இலக்கியம் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதினால் குறை வந்துவிடும். குறை வந்தால் இந்த நாற்காலியில் உட்கார எனக்கு என்ன தகுதி? எங்கள் சரிபார்ப்புக் குழுவும் அப்படித்தான். அந்தக் காவலாளி கதையை எங்களில் ஒருவரும் படித்ததில்லை. படித்தால் மனம் கதையின் பக்கம் சாய்ந்துவிடும், குறை கண்ணில் படாது. இந்த நடுநிலைமையைக் காப்பாற்ற நாங்கள் படும் பாடு வெளியே யாருக்குத் தெரியும்?"

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. நானும் தட்டினேன். சால்வை போர்த்தியவன் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

கீழே இறங்கியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "சார், என் பழைய கட்டுரையே எனக்கு வேணும் சார். அதுக்கு எழுபத்தொண்ணு போட்டிருக்காங்க. இப்ப அறிக்கையிலயும் பாஸ். ரெண்டையும் சேத்துக் குடுத்துட்டா சான்றிதழ் வந்துரும். இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. வேல போயிரும் சார்."

"பழைய பக்கங்கள கிழிச்சாச்சே."

"ஞாபகத்துலேர்ந்து எழுதித் தர்றேன் சார்."

"மனு போடுங்க" என்றார். பெருமூச்சு விட்டுக்கொண்டே என் சால்வையைச் சரிசெய்தார். "மனுவும் உங்க கட்டுரையப் பத்தி நீங்க எழுதறதுதான? அதனால அதுவும் எங்க மையத்துக்குள்ளதான் வருது. மனுவோட குறைகளையும் ஒரு அறிக்கையா எழுதி கூடவே வச்சிடுங்க. அதே ஏழுதான், புதுசா ஒண்ணுமில்ல."

மனுவை எழுதிவிட்டேன். கட்டுரையை எழுத முடியவில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியிலேயே அது எந்த வகை என்று எண் வந்து நின்றது. அடித்துச் சொன்னால் இருபத்தொன்று, அடக்கிச் சொன்னால் பதினெட்டு. கதையைத் திறந்து அந்தப் பெண்ணின் இரண்டு வரியைப் படித்தேன். இரண்டு வரிதான் தெரிந்தது, பெண் தெரியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்த நேரம் ஆறாவது மாடியில் மணி அடித்தது, போய்க் கதவைத் திறந்தேன்.

கடைசியில் வெறும் மனுவை மட்டும் எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். குறை அறிக்கைப் படிவத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. உணர்வறையில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கட்டத்தில், 'இதை யாராவது படிப்பார்கள் என்று நம்பி எழுதியது' என்று எழுதினேன். மீதி ஆறு கட்டங்களிலும் 'மேற்படி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கோபத்தில் எழுதியதுதான், ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசையும் இருந்தது. இதையாவது யாரோ ஒருவர் படித்து, திடுக்கிட்டு, என்னைக் கூப்பிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி லிஃப்டைக் கழற்றத் தொடங்கினார்கள். மானேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் முன்னாடி முடிச்சிருக்கலாம்" என்றார். அந்த நாற்காலியில் அதற்குள் வேறொருவர் சாய்ந்திருந்தார்.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். கவுன்டர் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கோப்பை நீட்டினார்.

"வாழ்த்துக்கள் சார். எழுபதுக்கு எழுபது! இதுவரைக்கும் யாரும் வாங்கினதில்ல."

கோப்பில் குழுவின் முத்திரைக்கு மேல் நாலு வரி இருந்தது. 'மாணவர் குறிப்பிட்ட முதல் குறை சரிபார்க்கப்பட்டது. உண்மை. மற்ற ஆறும் மேற்படி, உண்மை. குறையுள்ள மனு என்று மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.' கீழே ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"நான் எழுதினது ரொம்பச் சரின்னு சொல்லிட்டாங்க" என்றேன்.